மக்களாட்சி மீதான மனநிறைவா, தன் கட்சி வென்ற மகிழ்ச்சியா?

கேள்வி:
"நம் நாட்டில் மக்களாட்சி செயல்படும் விதம் உங்களுக்கு எந்த அளவுக்கு மனநிறைவு தருகிறது?" என்று கேட்டு, 'மிகுந்த நிறைவு' முதல் 'அறவே இல்லை' வரை நான்கு விடைகளைக் கருத்துக்கணிப்பாளர்கள் முன்வைக்கிறார்கள். ஆட்சி மாறியவுடன் ஒருவரின் விடையும் மாறிவிடுமானால், அக்கேள்வி அளப்பது மக்களாட்சியையா, கட்சிப் பற்றையா? எக்கட்சியையும் சாராதவர்களின் விடையை மட்டும் நம்பலாமா?

பதில் 1:
இரண்டும் கலந்தே வருகின்றன. ஆட்சியாளரின் செயல்களுக்குக் கிடைக்கும் ஆதரவு வேறு, ஆட்சிமுறையின் மீதே வேரூன்றிய பற்று வேறு என்று அரசியல் அறிஞர் டேவிட் ஈஸ்டன் பிரித்துக் காட்டினார். இக்கேள்வியோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 11 ஐரோப்பிய நாடுகளை ஆராய்ந்து ஆண்டர்சனும் கில்லரியும் 1997-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தோற்ற தரப்பினரின் நிறைவு பொதுவாகக் குறைவுதான் என்றாலும், அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்புள்ள நாடுகளில் அந்த இடைவெளி சுருங்குகிறது. சுவிட்சர்லாந்தை எண்ணிப் பாருங்கள்: 1959 முதல் பெரும்பாலான காலம் நான்கு பெரிய கட்சிகளும் எழுவர் அமைச்சரவையில் ஒன்றாக அமர்ந்திருக்கும்போது, தோற்ற கட்சி எதுவென்று சுட்டுவதே கடினம். நியூசிலாந்திலோ 1978-இலும் 1981-இலும் தொழிற்கட்சி கூடுதல் வாக்குகள் பெற்றும் ஆட்சி தேசியக் கட்சிக்கே போனது. அந்த மனக்குறையும் சேர்ந்துதான் 1993 பொதுவாக்கெடுப்பில் தேர்தல் முறையையே மாற்ற வைத்தது.

பதில் 2:
சாராதவர்களை நடுவர்களாகக் கொள்வது சரியல்ல. அவர்களில் பலர் அரசியலிலிருந்தே விலகி நிற்பவர்கள். கட்சிப் பிடிப்புள்ளவர்களைவிட அவர்களது நிறைவு பொதுவாகக் குறைவு. கட்சிக்காரருக்கு, தோற்றாலும், அடுத்த தேர்தல் என்றொரு பிடிமானம் இருக்கிறது. ஆனால் தோற்றவர்கள் எல்லோரும் ஒன்றல்லர். பிரிட்டனில் 2015-இல் 12.6 விழுக்காடு வாக்குகள் பெற்ற ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். அதன் ஆதரவாளர் தோல்வியைக் குறை சொல்வதற்கு முன் வாக்குகளை இடங்களாக்கும் கணக்கையே குறை சொல்வார். இதை வெறும் கட்சிப் பற்று என்று தள்ளிவிட முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் வென்றவர்களின் நிறைவையும் ஐயத்தோடுதானே பார்க்க வேண்டும்? தம் கட்சி விதிகளை வளைத்தாலும் அவர்கள் நிறைவாகவே இருக்கக்கூடும்.

பதில் 1:
ஆம். அதனால்தான் நான் மொத்தச் சராசரியை ஒதுக்கிவிட்டு, தோற்றவர்களின் நிறைவு எவ்வளவு என்பதைத்தான் முதலில் தேடுவேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: தேர்தல் முடிந்தபின் கேட்டால், வென்ற கட்சிக்கே வாக்களித்ததாகச் சொல்பவர்கள் உண்மையில் வாக்களித்தவர்களைவிடக் கூடிவிடுகிறார்கள். ஆகவே கட்சிச் சார்பைத் தேர்தலுக்கு முன்பே கேட்டுப் பதிவுசெய்து, பின்னர் அதே ஆட்களிடம் மீண்டும் போகும் ஆய்வுகளையே நம்புகிறேன்.