மூடிய போர்க்கால விமானத்தளங்கள்: மலையகத்திலிருந்து போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஊவாக்காரன்:
தியத்தலாவையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெரிய விமானத்தளம் இருந்ததாக ஊரில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பத்தனைப் புல்வெளியில் தெரியும் ஒரு நேர்க்கோட்டைக் காட்டி “இதுதான் ஓடுபாதை” என்று ஒரு படமும் சுற்றுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதை வைத்து அடையாளம் காண்பது?

அப்புத்தளைக் காற்று:
தியத்தலாவையின் வரலாறு முகாம் வரலாறு. 1900இல் தென்னாபிரிக்காவின் போயர் போரில் பிடிபட்ட கைதிகளைக் கொண்டுவந்து தகரக் கொட்டில்களில் அடைத்தார்கள். மொத்தம் 5,000 பேரளவில். 1939இல் இலங்கையிலிருந்த ஜெர்மானியர்களைப் பிடித்து அங்கே வைத்தார்கள். ஜெர்மானிய பௌத்தத் துறவி ஞானதிலோக்க தேரரும் அதில் ஒருவர். ஜப்பானியர் நெருங்கி வந்ததும் இவர்களை இந்தியாவின் டேராடூனுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு இலங்கை இராணுவத்தின் பயிற்சி நிலையம். விமானப்படைக்கும் அங்கே பயிற்சி முகாம் உண்டு. “விமானத்தளம்” என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்பது என் ஊகம். போர் விமானங்கள் சண்டைக்குப் புறப்பட்ட இடம் அல்ல.

இங்கே ஏன் கட்டவில்லை என்பதற்குக் காற்றே பதில். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், இயந்திரத்துக்கும் வலு குறையும். ஆயிரம் அடி உயரத்துக்கு, விமானம் மேலெழத் தரையில் ஓடும் தூரம் ஏறத்தாழ 10 வீதம் கூடும் என்பது விமானிகளின் கைக்கணக்கு. தியத்தலாவை 4,000 அடிக்கு மேல். நுவரெலியா 6,100 அடிக்கு மேல். அங்கே கடல்மட்டத்தில் தேவைப்படும் தூரத்தைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு வேண்டும். அவ்வளவு சமதரை எங்கே? கிடைத்தாலும் மூடுபனி விடாது.

மாத்தளை றோட்:
படத்தில் பார்க்கும்போது முதலில் அகலத்தை அளவுங்கள். அந்தக் காலத்து பிரித்தானிய ஏ வகுப்புத் தளத்தில் பிரதான ஓடுபாதை 2,000 யார் நீளம், 50 யார் அகலம். அதாவது சுமார் 1,830க்கு 46 மீற்றர். தோட்டத்து றோட்டு 4, 5 மீற்றரைத் தாண்டாது. எல்லாத் தளமும் அந்த அளவில் கட்டப்பட்டதில்லை, ஆனால் 10 மீற்றர் அகலக் கோட்டை ஓடுபாதை என்று சொல்பவரிடம் வாதம் செய்யத் தேவையில்லை. அடுத்தது சாய்வு. பத்தனையில் நேராகத் தெரியும் கோடு பெரும்பாலும் தீத்தடுப்புப் பாதை. அது மேடு பள்ளத்தோடு ஏறி இறங்கும். ஓடுபாதை அப்படிப் போகாது.

ஓடுபாதையிலிருந்து கிளை பிரிந்து வளைந்து போகும் பாதைகளையும், அவற்றின் நுனியில் வட்டத் தரைகளையும் தேடுங்கள். ஒரு குண்டு விழுந்தால் எல்லா விமானமும் போய்விடக் கூடாதென்று சிதற நிறுத்திய இடங்கள் அவை. சிலவற்றைச் சுற்றி மூன்று பக்கமும் மண்ணணை இருக்கும். உலர் வலயத்தில் இதைக் குளக்கட்டு என்று நினைத்து ஏமாறுவது சகஜம். குளக்கட்டு பள்ளத்தை மறித்துக் கிடக்கும், துருசு (மதகு) இருக்கும். விமான அணை மேட்டுத் தரையில், ஒரு பக்கம் திறந்து, ப வடிவில் நிற்கும்.

நேரில் போனால் தரையைப் பாருங்கள். கொங்கிரீட்டைப் பாளம் பாளமாக ஊற்றி இடைவெளியில் தார் அடைத்திருப்பார்கள். தார் காய்ந்து வெடித்ததும் அந்த இடுக்கில் மட்டும் புல் முளைக்கும். கட்டம் போட்ட மாதிரி நேர்நேராகப் புல் நின்றால் அது கொங்கிரீட் தரைதான். ஓடுபாதையா, கட்டடத்தின் அடித்தளமா என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

பட்டறை மாமா:
இரும்புத் தகடு பற்றியும் சொல்ல வேண்டும். மண் தரை மேல் அவசரமாக ஓடுபாதை போட அமெரிக்கர் செய்த துளைத்தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், எடை 66 இறாத்தல். வரிசைக்கு 29 ஆக மூன்று வரிசை, மொத்தம் 87 துளை. நீள விளிம்பு ஒன்றில் கொக்கிகள், மறு விளிம்பில் அவை மாட்டும் வெட்டுகள். 5,000 அடிக்கு 150 அடி ஓடுபாதைக்கு 60,000 தகடு வேண்டும், கிட்டத்தட்ட 1,800 தொன். மழையில் சேறு துளை வழியே மேலே பிதுங்கும். அடிமண் போனதும் தகடு வளையும், கொக்கி அறுந்துவிடும்.

லயத்து வாசலில் கானுக்கு (வடிகாலுக்கு) மேல் துளைத்த இரும்பு எதைப் பார்த்தாலும் “யுத்தகாலத்துத் தகடு” என்று விற்க வருகிறார்கள். துளைகளை எண்ணுங்கள், கொக்கியைத் தேடுங்கள். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியின் கம்பி வலையைக்கூட அந்தப் பெயரில் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

பேராதனைப் பாலம்:
நம் பக்கம் இருந்தது ஓடுபாதை அல்ல, தலைமையகம். 1944 ஏப்ரலில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளையகத்தை டெல்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு மாற்றினார். கொட்டில்கள் போய்ப் புல்தரை திரும்பிவிட்டது.

ஊவாக்காரன்:
நன்றி அண்ணன்மாரே. அப்படியானால் எங்கே போய்ப் பார்க்கலாம்?

மாத்தளை றோட்:
தம்பி, கண்டிப் பக்கத்திலிருந்து கிட்டத்தில் சீகிரியா, மின்னேரியா. மின்னேரியாவைத் தேட ஹிங்குராக்கொட என்று போடுங்கள். இரண்டும் இன்று இலங்கை விமானப்படையின் கையில், ஆகவே வேலிக்கு வெளியேதான்.

உள்ளே நடக்கக்கூடியது கொழும்பு குதிரைப் பந்தயத் திடல். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானியர் தாக்கியபோது பிரித்தானிய விமானப்படையின் 258ஆவது படையணியின் ஹரிகேன் போர் விமானங்கள் அங்கிருந்து எழுந்தன. அந்தத் தளம் இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. இன்று பார்வையாளர் மாடம் கடைத்தொகுதி, திடலில் றக்பி. முதல்நாள் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய கற்றலீனா நீர்விமானம் புறப்பட்டது கொக்கலைக் களப்பிலிருந்து. அங்கே இப்போது ஏற்றுமதி வலயமும் விமானப்படை முகாமும். சீனன்குடாவும் கட்டுநாயக்கவும் 1957இல் பிரித்தானியரிடமிருந்து நம் அரசிடம் வந்தன. அவை மூடவே இல்லை.

அப்புத்தளைக் காற்று:
ட்ரோன் கொண்டு போகாதீர்கள். சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் இல்லாமல் முகாம் அருகே பறக்கவிட்டால் கைதுதான். காவலரண் இருக்கும் பக்கம் கெமராவையும் தூக்க வேண்டாம். பற்றைக்குள் துருப்பிடித்த உருளை எதுவும் கிடந்தால், வெடிக்காத குண்டாக இருக்கலாம், காலால்கூடத் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி 119க்குச் சொல்லுங்கள்.