மறு: ‘எச்சாண்டு’ சரியா? எபிரேய அரசர்களின் ஆண்டுக் கணக்கு

> ‘பட்டமேற்பு ஆண்டு’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே. இதற்கென்று ஒரு புதுச்சொல் வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

ஒரு ராஜா பட்டத்துக்கு வந்த வருஷத்துக்கு நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். பைபிளில் இராஜாக்களின் புத்தகங்களில் வரும் காலக்கணக்கைப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பாதி முடிந்தபின், மெய்ப்புப் பார்த்தவர் அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் ‘ஒன்று உதைக்கிறது’ என்று எழுதி அனுப்பினார். உதைத்த இடம் இது.

எருசலேம் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் பிடிபட்டு, யூதாவின் ராஜா யோயாக்கீன் சிறைப்பட்டுப் போனானே, அது எந்த வருஷம்? பாபிலோன் ராஜாவின் எட்டாம் வருஷம் என்கிறது 2 இராஜாக்கள் 24:12. ஏழாம் வருஷம் என்கிறது எரேமியா 52:28. கொண்டுபோனவர்கள் 3,023 பேர் என்று தலைக்கணக்கும் தருகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகையும் ஏழு என்றுதான் சொல்கிறது. வருஷத்தின் கடைசி மாதமான ஆதார் மாதம் இரண்டாம் தேதி என்று நாள்கூடக் குறித்திருக்கிறது, அதாவது கி.மு. 597 மார்ச். மூன்றும் ஒரே சம்பவம்தான் என்பதே பெரும்பாலோர் கருத்து.

நேபுகாத்நேச்சாரின் தகப்பன் நெபோபொலாசர் இறந்தது கி.மு. 605, ஆப் மாதம் எட்டாம் தேதி. படையோடு வெளியே இருந்த மகன் அவசரமாகத் திரும்பி, எலூல் முதல் தேதி அரியணையில் உட்கார்ந்தான். வருஷம் முடிய இன்னும் ஏழு மாதம் கிடந்தது. அந்த ஏழு மாதம் யார் கணக்கில் ஏறும்? பாபிலோனில் அதை மகனுடைய எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. வருஷத்தின் முதல் மாதமான நிசான் அடுத்து வரும்போதுதான் அவனுக்கு ‘ஒன்று’. வேறு முறையில் அந்தத் துண்டு மாதங்களே அவனுடைய முதல் வருஷம். அப்படி எண்ணினால் ஏழு எட்டாகிவிடும்.

‘பட்டமேற்பு ஆண்டு’ என்ற சொல் இரண்டு முறைக்கும் பொதுவாக நிற்பதுதான் சிக்கல். அந்த வருஷம் எண்ணப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று அது வாய் திறப்பதில்லை. நானே நாலைந்து இடத்தில் அதை ‘முதல் ஆண்டு’ என்று மாற்றிப் போட்டிருக்கிறேன், போங்கள்.

அக்காடிய மொழியில் இதற்குப் பெயர் ‘ரேஷ் ஷரூதி’, ஆட்சியின் தலை. எபிரேயத்திலும் ‘ரேஷித்’ என்று தலையை வைத்தே பேசுகிறார்கள். ‘தலையாண்டு’ என்று எழுத எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் தலைப்பிரசவம், தலைச்சன், தலைதீபாவளி எல்லாம் நமக்கு முதலாவது அல்லவா? எது முதலாண்டு இல்லை என்று சொல்ல வந்தோமோ, அதையே முதலாண்டு என்று சொன்னதாகிவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இப்படித்தான் கவிழும்.

‘சுழியாண்டு’, அதாவது பூஜ்ய ஆண்டு, என்று ஒரு நண்பர் சொன்னார். கணினிக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே வானியலார் வைக்கும் ஆண்டுக்கு அந்தப் பெயரே பொருத்தம், அதைப் பிடுங்க வேண்டாம்.

என் பரிந்துரை: எச்சாண்டு. செத்த ராஜாவின் வருஷத்தில் எஞ்சிய பகுதி. இதை வைத்துக்கொண்டால் இரண்டு முறைகளையும் ‘எச்சம் தள்ளி எண்ணல்’, ‘எச்சம் சேர்த்து எண்ணல்’ என்று சொல்லிவிடலாம். விளக்கக் குறிப்பே தேவைப்படாது.

பறவை எச்சம் நினைவுக்கு வரும் என்பவர்களுக்கு: பெயரெச்சம் படிக்கும் பிள்ளை யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்வதில்லை.

இன்னொன்று. அப்பனும் மகனும் ஒரே காலத்தில் ஆள்வதற்கு ‘இணையாட்சி’ வேண்டாம், இருவரும் சமம் என்று தொனிக்கிறது. ‘உடனாட்சி’ என்கிறேன். இஸ்ரவேல் ராஜா ஆகாபின் மகன் பட்டத்துக்கு வந்தது யூதா ராஜா யோசபாத்தின் பதினெட்டாம் வருஷம் என்று ஓரிடம் (2 இராஜா. 3:1), யோசபாத்தின் மகனுடைய இரண்டாம் வருஷம் என்று இன்னோரிடம் (1:17). அப்பன் இருக்கும்போதே மகனுக்கும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்று கொண்டால் இரண்டும் பொருந்தும். நமக்கு இது புதிதல்ல. ராஜேந்திர சோழன் 1044 வரை இருந்தான். மகன் ராஜாதிராஜனின் ஆட்சியாண்டோ 1018இலிருந்தே ஓடுகிறது.

——

அம்மா,

உடனாட்சிக்கு என் கை தூக்கியாயிற்று. எச்சாண்டில் மட்டும் புணர்ச்சி இடிக்கிறது. எச்சம் + ஆண்டு, மகரம் கெட்டு உடம்படுமெய் வந்து ‘எச்சவாண்டு’ என்றல்லவா ஆக வேண்டும்?

பொருளைப் பற்றிக் குறையில்லை. நீங்கள் சொன்னதைவிட ஒரு படி கூடவே இருக்கிறது. ‘எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளில் எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் நன்மக்கள் என்று பொருள் கொள்கிறார். தகப்பன் வருஷத்தின் மீதியில் மகன் உட்காருகிறான்; மீதியும் எச்சம், மகனும் எச்சம்.

——

ஐயா,

தாலுகா ஆபீஸ் வாசலில் ‘வட்டவாட்சியர்’ என்றா பலகை தொங்குகிறது? வட்டாட்சியருக்குக் கொடுத்த சலுகையை எச்சாண்டுக்கும் கொடுங்கள்.

——

அம்மா, பலகையைக் காட்டி மடக்கிவிட்டீர்கள். கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். எடுத்துக்காட்டாக யோயாக்கீனையே போடுங்கள். மூன்றே மாதம் ஆண்டவன். நிசானில் வருஷம் தொடங்கும் கணக்கில், அந்த நிசான் வருவதற்குள் ஆதாரிலேயே பிடிபட்டுவிட்டான். எச்சம் தள்ளி எண்ணினால் அவனுக்கு எச்சாண்டு மட்டும்தான், முதலாண்டே கிடையாது.