கலைச்சொல் விவாதம்: ‘கிரவுண்ட் கவர்’, ‘ஹார்டி’ – கையேட்டில் என்ன எழுதலாம்?

தஞ்சாவூர், கையேட்டுத் தொகுப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுத்தோட்டம் புதிதாகப் போடுகிறவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் வேலை நிற்கிறது. தரையோடு படர்ந்து மண் தெரியாமல் மூடும் செடிகளை நர்சரிகளில் ‘கிரவுண்ட் கவர்’ என்கிறார்கள். அதிகம் கவனிக்காவிட்டாலும் பிழைக்கும் செடியை ‘ஹார்டி’ என்கிறார்கள். வரைவில் முதலாவதற்குத் ‘தரைமூடி’ என்றும் இரண்டாவதற்கு ‘வன்செடி’ என்றும் போட்டிருக்கிறேன். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து ஐப்பசியில் சேறாகும் களிமண்ணில் செடி வைக்கப்போகிறவர்கள் படிப்பது. அவர்களுக்குப் புரிய வேண்டும்.

மன்னார்குடி, தமிழாசிரியர்:

‘தரைமூடி’ என்றால் பாத்திரத்து மூடிதான் காதில் விழும். வினைத்தொகையாக நிறுத்துங்கள்: மூடுசெடி, மூடுபூண்டு. ஒற்றுச் சிக்கலும் இல்லை. ‘வன்செடி’ எனக்கு உடன்பாடில்லை. வன்மையில் வன்கண், வன்சொல் என்று கொடுமையின் சாயல் ஏறிவிட்டது. தொல்காப்பியம் மரபியல், புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் அகத்தே காழ் உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. காழ் என்பது வைரம், உறுதி. ‘காழ்ச்செடி’ என்று ஒரு சொல்லை மீட்டெடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

ஆடுதுறை, வேளாண் ஆசிரியை:

ஐயா, காழ் தண்டின் உறுதியைச் சொல்கிறது. நாம் தேடுவது பிழைக்கும் திறன். வல்லாரையின் தண்டு நூல் மாதிரி இருக்கும், அதில் காழ் எங்கே? ஆனால் ஐப்பசி வெள்ளத்தில் தென்னையடியில் தழைத்து நிற்பது அதுதான்.

‘ஹார்டி’ என்பதையே அப்படியே பெயர்க்கக் கூடாது என்பது என் கட்சி. குளிர்நாட்டுத் தோட்ட நூல்களில் அது பெரும்பாலும் உறைபனியைத் தாங்குவதைக் குறிக்கும். நமக்கு உறைபனியே கிடையாது. இங்கே முதலில் கேட்க வேண்டியது, எதைத் தாங்கும் என்பது. நித்தியகல்யாணியைச் சித்திரை வெயிலில் தண்ணீர் இல்லாமல் விட்டாலும் பூக்கும். அதே செடியின் வேரில் சில நாள் தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு கறுத்து அழுகிவிடும். கற்றாழைக்கும் காகிதப்பூவுக்கும் அதே கதைதான். வல்லாரை நேர்மாறு. ஈரத்தில் செழிக்கும், வெட்டவெளி வெயிலில் கருகும். இவை எல்லாவற்றையும் ‘வன்செடி’ என்று ஒரே தலைப்பில் போட்டால், புதிதாகத் தோட்டம் போடுகிறவர் பள்ளத்தில் நித்தியகல்யாணி வைத்துவிட்டு நம்மைத் திட்டுவார். வறட்சி தாங்கி, தேங்குநீர் தாங்கி, உவர் தாங்கி என்று பிரித்தே எழுதுங்கள்.

‘மூடு’ என்பதற்கும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ‘மூடுபயிர்’ என்று வேளாண் பாடத்தில் சொல்வது மண்ணைக் காக்க ஒரு பருவத்துக்கு விதைப்பதை. தாளடி அறுப்புக்குச் சில நாள் முன்னால் நெல்லுக்குள் தெளிக்கிற உளுந்துகூட அந்த வேலையைச் செய்கிறது. வைக்கோல், சருகு பரப்புவது ‘மூடாக்கு’. மூன்றாவதாக ‘மூடுசெடி’ வந்தால் வாசகர் குழம்புவார்.

கும்பகோணம், நர்சரி:

கடைக்கு வருகிறவர்கள் “தண்ணி ஊத்தலைன்னாலும் சாவாத செடி குடுங்க”, “தரையில படர்ற செடி இருக்கா” என்றுதான் கேட்கிறார்கள். ‘தரையில் படரும் செடி’ என்றே போட்டால் என்ன? பூசணியும் தரையில் படர்கிறதே என்று புலவர் ஐயா சொல்வார், தெரியும்.

சொல் எதுவானாலும் நடும் முறையைச் சரியாக எழுதுங்கள். வரைவில் ‘களை நீக்கி நடவும்’ என்று ஒரு வரியோடு முடித்திருக்கிறீர்கள். கோரை இருக்கும் மண்ணில் அது போதவே போதாது. கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் மெல்லிய நரம்பால் ஒன்றோடொன்று கோத்திருக்கும். மேலே பிடித்து இழுத்தால் நரம்பு அறும், உறங்கிக் கிடந்த கிழங்குகள் ஒவ்வொன்றாக முளைக்கும். 20 செ.மீ. ஆழம் கொத்திக் கிழங்கைப் பொறுக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு 15 நாள் சும்மா விட்டு, முளைத்ததைக் கிழங்கோடு மறுபடி எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் நடவு.

தரையில் படரும் பொடுதலைக்கு 3, 4 கணு உள்ள தண்டுத்துண்டு வேண்டும். இரண்டு கணு மண்ணுக்குள் போகணும். 25 செ.மீ. இடைவெளி விட்டால் 1 சதுர மீட்டருக்கு 16 துண்டு. காசை மிச்சம் பிடிக்க அரை மீட்டருக்கு ஒன்று வைக்கிறவர்கள்தான் களையிடம் தோற்கிறார்கள். செடி இடைவெளியை மூடுமுன் அருகம்புல் மூடிவிடும். களிமண் இளக வேண்டுமென்று ஆற்றுமணலைக் கொஞ்சமாகக் கலப்பதும் வேண்டாம், காய்ந்தால் செங்கல்லாக இறுகும். சதுர மீட்டருக்கு 4, 5 கிலோ மக்கிய எரு போட்டுப் பாத்தியை 15 செ.மீ. உயர்த்தினால் போதும். ஆடி, ஆவணியில் நட்டால் அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும்.

வரைவில் சிங்கப்பூர் டெய்சி இருப்பதை எடுத்துவிடுங்கள். சீக்கிரம் மூடும், மஞ்சளாகப் பூக்கும், உண்மைதான். ஆனால் ஒடிந்த துண்டு வாய்க்காலில் விழுந்தால் போகிற இடமெல்லாம் வேர்விடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இருக்கிற செடி அது. மஞ்சள் பூதான் வேண்டுமென்றால் நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி அதே பேரினம்தான்.

மன்னார்குடி, தமிழாசிரியர்:

நர்சரிக்காரர் பேச்சிலேயே சொல் இருக்கிறது. பர என்னும் அடியிலிருந்து பரவு, படர், பாய், பாவு எல்லாம் கிளைத்தவை என்பது என் துணிபு. கல் பாவிய தரை என்கிறோம். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. நாற்றங்காலில் விதை பாவுகிறோம். ‘பாவுசெடி’ என்றால் பரவுதல், நெருங்குதல், மூடுதல் மூன்றும் வந்துவிடும். காவிரிக்கரையில் இன்றைக்கும் புழங்கும் வினை இது. இதைக் காட்டிலும் எளிமை எதற்கு?

ஆடுதுறை, வேளாண் ஆசிரியை:

புழங்குகிற வினை என்பதுதான் தடை, ஐயா. இங்கே பாவினால் அடுத்துப் பறிக்க வேண்டும். நாற்று பாவி, சில வாரத்தில் பறித்து, வேறு வயலில் நடுவோம். பறிக்காமல் விடுவதற்குப் ‘பாவுசெடி’ என்று பெயர் வைத்தால் எந்த விவசாயியும் எப்போது பறிப்பது என்று கேட்பார். ‘தரைப்போர்வை’ என்று வைக்கலாம். குழந்தைக்கும் புரியும்.

வேதாரண்யம், பள்ளித் தோட்டப் பொறுப்பாளர்:

போர்வையை எடுத்து மடித்து வைக்கலாம். பொடுதலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கணுவுக்குக் கணு வேர் இறக்கி மண்ணைக் கவ்வியிருக்கும். எங்கள் மணல்மேட்டில் அடும்பும் அப்படித்தான், சங்க நெய்தல் பாட்டில் வருகிற அதே அடும்பு. மண்ணைப் பிடித்துவைப்பதுதான் இவற்றின் வேலை, மூடுவது அதன் விளைவு. ‘தரைபற்றி’ என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

‘உவர் தாங்கி’ என்பதை ‘உவர்-களர் தாங்கி’ என்று சேர்த்துவிடாதீர்கள். உவரில் உப்பு மிகுதி. நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் குறையும். களரில் சோடியம் மண்துகளைக் குலைத்துத் தண்ணீர் இறங்கவிடாது. அதற்கு முதலில் ஜிப்சம் இட்டுப் பிறகு வடிக்க வேண்டும். மருத்துவம் வேறு, ஆகவே சொல்லும் வேறு.

தஞ்சாவூர், கையேட்டுத் தொகுப்பாளர்:

நாள் இல்லை, முடிவைச் சொல்லிவிடுகிறேன். ‘தரைப்போர்வைச் செடி’க்கு மூன்று பேர், ‘பாவுசெடி’க்கு ஒருவர், ‘தரைபற்றி’க்கு ஒருவர். முதலாவது அச்சேறுகிறது. ‘ஹார்டி’க்கு ஒற்றைச்சொல் கிடையாது. செடிக்குச் செடி எதைத் தாங்கும் என்று எழுதுகிறோம்: பொடுதலைக்கு வறட்சி, தேங்குநீர், உவர் மூன்றும், வல்லாரைக்குத் தேங்குநீர் மட்டும், நித்தியகல்யாணிக்கு வறட்சி மட்டும். சிங்கப்பூர் டெய்சி நீக்கப்பட்டது. கோரைப் பத்தி முழுமையாகச் சேர்கிறது.

மன்னார்குடி, தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ‘போர்வை’யை ஏற்கவில்லை. பறிப்பது நாற்றைத்தான், பாவுதலை அல்ல. இதற்கு அம்மா இன்னும் மறுமொழி தரவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் இந்த இழையைத் திறப்பேன். இப்போதைக்கு ஒன்று: ‘தரைப்போர்வைச் செடி’யில் ப், ச் இரண்டு ஒற்றும் மெய்ப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருத்திய வரைவின் ஏழாம் பக்கத்தில் இரண்டும் இல்லை.