மறுமடல்: ‘டனலிங்’குக்குத் தமிழ் வேண்டும் (நாளை அச்சு!)

அன்புக் குழுவினருக்கு,

இங்கே மகளிர் குழுவுக்கு வீட்டில் மெழுகுவர்த்தி செய்யும் வகுப்பு எடுக்கிறேன். எட்டுப் பக்கக் கையேடு நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. ‘விக்’குக்குத் திரி, ‘மோல்டு’க்கு அச்சு எல்லாம் தானாக வந்துவிட்டன. ‘டபுள் பாய்லிங்’கை “கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் ஏனம் வைத்து உருக்குதல்” என்று எழுதிவிட்டேன். ‘டனலிங்’கில் மாட்டிக்கொண்டேன். கண்ணாடித் தம்ளர் மெழுகில் திரியைச் சுற்றி மட்டும் உருகி, சுடர் இறங்கிக்கொண்டே போய், ஓரத்து மெழுகு சுவர் மாதிரி நின்றுவிடுமே, அதுதான். தம்ளரின் அகலத்துக்குத் திரி மெலிதாக இருந்தால் வரும். முதல் முறை ஏற்றியதை ஓரம்வரை உருகுமுன் அணைத்தாலும் வரும். 3 அங்குலத் தம்ளருக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் எரியவிட வேண்டும். ‘சுரங்கமாதல்’ சரிவருமா?

— ம., கோவை

•

அம்மா,

‘சுரங்கம்’ வேண்டாம். கிரேக்கச் ‘சிரிங்க்ஸ்’ வடமொழி வழியே நம்மிடம் வந்தது என்பர். ‘குடைவு’ என்க. பாறையைக் குடைந்த மண்டகப்பட்டுக் கோயில் நிற்கும் நாட்டில் சொல்லுக்கா பஞ்சம்? மேலும், கையேட்டின் தலைப்பிலேயே ‘வர்த்தி’! வடமொழியில் வர்த்தி என்றாலே திரிதான். மெழுகுதிரி எனத் திருத்துக.

— செ.

•

எங்கட பக்கம் எல்லாரும் மெழுகுதிரி எண்டுதான் சொல்லுறது, அதில பிரச்சினை இல்லை. ஆனால் சுரங்கம் கிரேக்கம் எண்டதை ஒத்துக்கொள்ளேலாது. சுரை எண்டால் உட்டுளை. சுரைக்குடுக்கையைப் பாருங்கோ. சுரை, சுரங்கு, சுரங்கம். பிறகென்னத்துக்குக் கிரேக்கம்?

— யாழ்ப்பாணத்து வ.

•

சுரைக்காய்க்கு உப்பில்லை என்று அடுத்த மடல் வருமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அச்சகத்தில் ஆள் காத்திருக்கிறார். குடைவது என்றால் உளியோ வண்டோ வேண்டும். இங்கே யாரும் குடையவில்லை, மெழுகு உருகி எரிகிறது. “குழி விழுதல்” என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

— இரா.

•

இரா. சார், ‘குழி’யை ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். ஊற்றிய மெழுகு ஆறும்போது சுருங்கித் திரியடியில் ஒரு பள்ளம் விழும், அதற்குத்தான். அதை மிச்ச மெழுகு ஊற்றி நிரப்பலாம். டனலிங் வேறு, அதற்குத் தம்ளர் வாயில் அலுமினியத் தாளைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டை விட்டு எரியவிட்டால் சூடு தங்கி ஓரமும் உருகும். இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தால் பெண்கள் குழம்பிப் போவார்கள்.

நேற்று வகுப்பில் ஒரு அக்கா தம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டீச்சர், தீ கெணத்துக்குள்ள எறங்கிருச்சுங்க.” ‘கிணறாதல்’ என்று போடட்டுமா?

— ம.

•

கிணறு வெட்டுவது, தானே ஆவதன்று. அவ்வளவு விருப்பமெனில் ‘கூவல்’ என்க, சங்க வழக்கு.

— செ.

•

கூவல் என்றால் குயிலா என்று கேட்பார்கள் ஐயா. கிணறாதலுக்கு என் ஓட்டு.

— இரா.

•

எனக்கும் கிணறு ஓகே. சுரை பற்றித் தனி இழை துவங்குறன்.

— வ.

•

அனைவருக்கும் நன்றி. இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. ‘கிணறாதல்’ என்றே போட்டு, அடைப்புக்குறிக்குள் ‘குடைவு’ சேர்த்து அனுப்பிவிட்டேன்.

— ம.

•

அடைப்புக்குறிக்கு நன்றி. அதை நீக்குவது குறித்து அடுத்த பதிப்பில் பேசுவோம். அட்டையில் இன்னும் ‘வர்த்தி’தானே நிற்கிறது?

— செ.