பதில்: எம்பையீமாவுக்குத் தமிழ்ச்சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

நியூமோனியாவின் பின் பிள்ளையின் நெஞ்சுக்குள் சீழ் தேங்குவதுதான் எம்பையீமா. பெற்றோருக்கான துண்டுப்பிரசுரத்தில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல் போடலாம் என்ற கேள்விக்கு வந்த யோசனைகளுக்கு இது என் பதில்.

> "நுரையீரல் சீழ்" என்றே போடலாமே. பெற்றோருக்கான துண்டுப்பிரசுரம்தானே, எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். எம்பையீமாவில் சீழ் நுரையீரலுக்குள் இல்லை. நுரையீரலைப் போர்த்திய சவ்வுக்கும் நெஞ்சுச் சுவரின் உட்புறச் சவ்வுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியில் தேங்கி நிற்கிறது. நுரையீரலுக்குள்ளேயே இழையம் (திசு) அழிந்து, குழி விழுந்து, அதில் சீழ் நிறைவது வேறு. அதற்கு "நுரையீரல் சீழ்க்கட்டி" ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டும் பற்றீரியா நியூமோனியாவின் பின்விளைவுகள்தான். மருந்து தொடங்கியும் காய்ச்சல் விடாமல் அடிப்பதில்தான் இரண்டிலும் சந்தேகம் தொடங்கும். வைத்தியம்தான் பிரிகிறது. பிள்ளைகளின் சீழ்க்கட்டி பெரும்பாலும் சில வார நுண்ணுயிர்க்கொல்லியிலேயே ஆறும். சுவாசக்குழாய் வழியே தானாக வடிவதும் உண்டு. அதற்குள் குழாய் விட்டால் காற்றுக் கசியும் துவாரம் உண்டாகலாம் என்று தயங்குவார்கள். எம்பையீமாவுக்கோ விலா எலும்புகளுக்கு இடையால் குழாய் வைத்து வடிப்பது வழமை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கப்போகும் தாய் "பிள்ளையின்ர நுரையீரலைத் துளைக்கப்போகினம்" என்று எண்ணிக்கொண்டு வைக்கக் கூடாது. எனக்கு இந்தச் சொல்லில் அக்கறை வந்ததே அதனால்தான்.

> பாடநூலில் "புடைமென்சவ்வு" என்று படித்தோம். "புடைச்சீழ்" என்றால் என்ன?

புடை என்றால் பக்கம், சொல் குறையில்லாதது. ஆனால் இன்றைய காதுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கிற சீழ் என்றுதான் கேட்கிறது, தோலில் வந்த கொப்புளம் மாதிரி. தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் இது புதிதாகவே இருக்கும்.

என் முன்மொழிவு: அந்தச் சவ்வு "விலாவுறை". முதலில் சேர்வது "விலாவுறை நீர்". அது சீழானால் "விலாவுறைச் சீழ்".

ஒரே அடிச்சொல்லில் நிற்பதற்குக் காரணம் உண்டு, நோயே படிப்படியாக வளர்வது. அமெரிக்க நெஞ்சக நோய்ச் சங்கம் 1962இல் மூன்று கட்டங்களாகப் பிரித்தது. முதலில் தெளிந்த நீர். அடுத்து அது சீழாகி, ஃபைப்ரின் என்ற புரத நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, சீழை அறையறையாகப் பிரித்துவிடும். இதை சி.டி.யைவிட அல்ட்ராசவுண்ட் ஸ்கான் நன்றாகக் காட்டும். இந்தக் கட்டத்தில் வெறும் குழாய் சரியாக வடிக்காது. யூரோகைனேஸ் போன்ற மருந்தைக் குழாய் வழியே விட்டு நூல்களைக் கரைக்கவேண்டும் (பிரித்தானிய வழிகாட்டலில் நாளுக்கு இரு தடவை, 3 நாட்கள்), இல்லாவிட்டால் கமரா வைத்துச் சத்திரசிகிச்சை. மூன்றாவதில் நுரையீரலைச் சுற்றித் தடித்த தோல் போன்ற படலம் படிந்து, அதை விரியவிடாது.

"உறைச்சீழ்" என்று சுருக்கலாமே என்று யாரும் கேட்கமுன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். உறைந்த சீழ் என்று வாசிக்கப்பட்டு, இரண்டாம் கட்டத்தின் பெயராகிவிடும்.

ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற பற்றீரியாவால் வரும் நியூமோனியாவில் அதிகம் காணும் காற்று நிறைந்த குழிகளுக்கு "காற்றுக்குமிழ்". பெரும்பாலும் தானாகவே மறைபவை. அங்கே "கட்டி" என்ற சொல்லைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். கொழும்பில் கட்டி என்றால் அடுத்த கேள்வி மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேணுமா என்பதுதான்.

---

அண்ணா, வாட்டில் வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒன்று. விலா என்றவுடன் "எலும்பு வெடிச்சிட்டுதோ மிஸ்?" என்று கேட்பினம். நாங்கள் வாயால் சொல்கிறது "நெஞ்சுக்கூட்டுக்குள்ள சீழ் கோத்திருக்கு, நுரையீரலுக்கு வெளியில" என்று. கொழும்பு வெள்ளவத்தை அம்மாவுக்கும் விளங்குது, மலையகத்து அட்டனிலிருந்து வந்த அம்மாவுக்கும் விளங்குது. வீட்டுக்குக் கொண்டுபோகிற டயக்னோசிஸ் காட் (நோய்க் குறிப்பு அட்டை) ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆகவே அந்த ஆங்கிலப் பெயரின் ஒலியையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் போடுங்கோ. மற்றக் கிளினிக்கில் கேட்டால் சொல்லவேணும்.

இன்னொன்று: சுகமாகும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கோ. பெரியாக்களைப் போல இல்லை, முதலில் நல்ல சுகமாக இருந்த பிள்ளைகள் அநேகமாக முழுசாத் தேறிவிடும். எக்ஸ்ரே படத்தில் நிழல் மாறத்தான் சில மாதம் எடுக்கும். அதைப் பார்த்துத்தான் பயப்படுகினம்.

---

தங்கச்சி சொன்ன "சீழ் கோத்தல்" என்னுடையதைவிட நல்ல தமிழ். நீர் கோத்தல் என்பது ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறதே. ஆகவே துண்டுப்பிரசுரத்தின் தலைப்பில் "நெஞ்சில் சீழ் கோத்தல் (எம்பையீமா)". உள்ளே படத்துக்குக் கீழும் சொற்பட்டியலிலும் "விலாவுறைச் சீழ்". விலா எலும்புக்கும் உறைக்கும் வித்தியாசம் தெரிய அந்தப் படத்தில் இரண்டு சவ்வுகளையும் வேறு நிறத்தில் தீட்டச் சொல்கிறேன்.

இழையம் அழிந்துபோகும் வகை நியூமோனியாவுக்கு "இழைய அழிவு நியூமோனியா" என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். பெற்றோர் வாசிக்கும் தாளுக்கு "அழிவு" கொஞ்சம் கடுமை. வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனி அச்சுக்குப் போகிறது.