தனி ஊசல் ரெக்கார்டு: ஜி மதிப்பு தப்பாக வருகிறது, அவசரம்

வெண்ணிலா07: ப்ளஸ் ஒன் இயற்பியல். தனி ஊசலில் ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு சரியாக வரவில்லை, திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டும் அதேதான். வெள்ளிக்கிழமை ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். முடிவு என்ற இடத்தில் 9.8 என்றே எழுதிவிடலாமா?

மின்கம்பி: எவ்வளவு வருகிறது? கூடவா, குறைவா? ஊசல் நீளம் எவ்வளவு, எத்தனை அலைவுக்கு நேரம் எடுத்தீர்கள்?

கடலூர்க்காரன்: நூலை மட்டும் அளந்திருப்பாய் தங்கச்சி. குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். வெர்னியரில் விட்டம் எடுத்து அதில் பாதியைக் கூட்டு. எல்லாரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

செம்பருத்தி: அகலமாக ஆட்டியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. சூத்திரம் சிறிய கோணத்துக்குத்தான் பொருந்தும். 30 டிகிரி இழுத்துவிட்டால் அலைவுக்காலம் (ஒரு முழு அலைவுக்கு ஆகும் நேரம்) ஏறக்குறைய 1.7 சதவீதம் கூடிவிடும்.

பழைய_வாத்தியார்: முதலில் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரீடிங் இல்லாமல் விடை கேட்பதும், அதற்கு நாலு பேர் பதில் சொல்வதும்! அட்டவணையைப் போடு பாப்பா.

வெண்ணிலா07: மன்னிக்கவும் சார். 80 செ.மீ.க்கு 20 அலைவு 34.1 நொடி, ஜி 10.86. 100 செ.மீ.க்கு 38.2 நொடி, ஜி 10.82. குண்டின் ஆரம் சேர்த்துத்தான் அளந்தேன். கொஞ்சமாகத்தான் ஆட்டினேன்.

பழைய_வாத்தியார்: மேலே சொன்ன இரண்டும் அடிபட்டுப் போயிற்று. ஆரத்தை விட்டாலும் கோணம் கூடினாலும் ஜி குறையத்தான் செய்யும். இங்கே கூடியிருக்கிறது. 80 செ.மீ.க்கு 20 அலைவு 35.9 நொடி ஆக வேண்டும். உனக்குக் குறைவது 1.8 நொடி, அதன் அலைவுக்காலமும் 1.8 நொடி. 100 செ.மீ.யிலும் பார்: குறைவது 2 நொடி, அலைவுக்காலமும் 2 நொடி. ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே ‘ஒன்று’ என்று ஆரம்பித்திருக்கிறாய். அப்போது ‘சைபர்’ சொல்ல வேண்டும். நீ எண்ணியது 19 அலைவு, வகுத்தது 20 ஆல்.

செம்பருத்தி: ஆமாம் சார், திசையை நான் யோசிக்கவில்லை.

கடலூர்க்காரன்: சரி, வெள்ளிக்குள் லேப் கிடைக்குமா? 9.8 எழுதிக் கொடுத்துவிடு. யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

கீதா_டீச்சர்: நான் பார்க்கிறேன். அட்டவணை ஒன்று, முடிவு வேறொன்று என்றால் அங்கேயே சிவப்பு வட்டம்தான். 10.8 வந்தால் 10.8 என்றே எழுதி, ஏன் வந்தது என்று கீழே இரண்டு வரி சேர்த்தால் அந்தப் பிள்ளைக்குச் சோதனை புரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கடலூர்க்காரன்: எல்லாரும் உங்களைப் போல் இல்லை டீச்சர். நான் படித்தபோது 9.8 வராதவர்களை லேபுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

கீதா_டீச்சர்: அது நிறுத்தியவருடைய தப்பு. அதற்காகப் பிள்ளை ரீடிங்கை ஜோடிக்கலாமா? சென்னையில் ஜி 9.78. கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்துகிற வகுப்பில் சிலருக்கு 9.7, சிலருக்கு 9.9 என்று வரும், அதுதான் இயல்பு. மொத்த வகுப்புக்கும் 9.8 என்றால், ஒரே நோட்டு கை மாறியிருக்கிறது.

கடலூர்க்காரன்: மார்க் போனால் யார் தருவார்கள்?

மின்கம்பி: இதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். வெண்ணிலா, மறுபடி செய்தால் அப்சர்வேஷன் நோட்டில் பழைய ரீடிங்கை அழிக்காதீர்கள். ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் புதியதை எழுதுங்கள். செய்முறையை ‘அளக்க வேண்டும்’ என்று கட்டளையாக எழுதாமல் ‘அளவிடப்பட்டது’ என்று, செய்து முடித்ததாக எழுதுங்கள். அப்புறம், நீளத்துக்கும் அலைவுக்கால வர்க்கத்துக்கும் ஒரு வரைபடம் போடுங்கள். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போனால் நீளம் சரியாக அளந்திருக்கிறீர்கள்.

கீதா_டீச்சர்: ஆனால் எண்ணிக்கைத் தப்பு வரைபடத்தில் தெரியாது. அப்போதும் கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தான் போகும், சாய்வு மட்டும் மாறும்.

வெண்ணிலா07: மதிய இடைவேளையில் மறுபடி செய்தேன். சைபரில் ஆரம்பித்ததும் 80 செ.மீ.க்கு 35.9 நொடி, ஜி 9.80. நன்றி சார், நன்றி டீச்சர். வரைபடத்தை ரெக்கார்டில் எந்தப் பக்கம் ஒட்டுவது?

பழைய_வாத்தியார்: இடது பக்கம். அச்சுகளில் அலகு எழுது.