வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் தோட்டத்துக் கொட்டகைக்கு இரண்டு கம்பி போதுமா?

குன்னூர் வயர்மேன்:
கோத்தகிரித் தோட்டக்காரர் நேற்று வேறொரு திரியில், "வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, ஆகவே கொட்டகைக்குத் தற்காலிகமாக இழுக்கும் வயரில் எர்த் கம்பி வீண் செலவு, இரண்டு கம்பியே போதும்" என்று எழுதியிருந்தார். ஆர்.சி.சி.பி. என்பது, போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இல்லாமல் எங்கோ கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் (ட்ரிப் ஆகும்) சுவிட்ச். அதைப் பலர் ஆமோதித்திருப்பதைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. எர்த் கம்பி இருந்தால், ஹீட்டரின் இரும்பு உடலில் கசிவு ஏற்பட்டவுடனே, யாரும் தொடுவதற்கு முன்பே, ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிவிடும். எர்த் கம்பி இல்லையென்றால், கசிவு போக வழியில்லாமல் அந்த உடல் முழுவதும் 230 வோல்ட் நிற்கும். ஐப்பசி மழையில் ஊறிய மண் தரையில் ஈரக் காலுடன் ஒருவர் வந்து அதைத் தொட்டு, அவர் உடல் வழியாக மின்சாரம் பாய்ந்த பிறகுதான் ட்ரிப் ஆகும். இதையா வீண் செலவு என்கிறீர்கள்?

கோத்தகிரித் தோட்டக்காரர்:
நான் எழுதியதில் "தற்காலிகமாக" என்ற சொல்லை வசதியாகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டீர்கள். கூரைத் தகடு மாற்ற ஒரு டிரில், வெளிச்சத்துக்கு ஓர் எல்.இ.டி. விளக்கு, இவ்வளவுதான் என் தேவை. என் டிரில்லுக்கு இரட்டைக் காப்பு, அதாவது எர்த் தேவைப்படாதபடி மின்சாரம் கடத்தாத இரண்டு அடுக்குப் பாதுகாப்பு, உண்டு. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி அதன் மேலேயே இருக்கிறது. அதன் பிளக்கில் இருப்பதே இரண்டு முனைகள்தான். மூன்றாவது கம்பியை இழுத்துக்கொண்டு போய் எதில் மாட்டச் சொல்கிறீர்கள்? பைகாராவில் 1932-லேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. எங்களுக்கு மின்சாரம் நேற்று வந்த புதுமை அல்ல.

குன்னூர் வயர்மேன்:
தம்பி, டிரில்லைப் பற்றி நான் பேசவே இல்லை. கொட்டகையில் நீங்கள் வைக்கப்போகும் சாக்கெட்டைப் பற்றிப் பேசுகிறேன். இன்று அதில் டிரில் இருக்கும். மார்கழியில் உறைபனி விழும்போது 2000 வாட் ஹீட்டரை அதே சாக்கெட்டில் சொருகுவார்கள், கோடையில் தண்ணீர் மோட்டாரைச் சொருகுவார்கள். இந்த மலையில் தற்காலிகம் என்று இழுத்த வயர்களில் பாதி, அடுத்த பருவத்துக்கும் சில்வர் ஓக் மரத்திலேயே தொங்கிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கணக்கையும் சொல்கிறேன். நம் வீடுகளில் எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே பாய்வது 11.5 ஆம்பியர். மின்னோட்டம் அளவு மீறினால் மட்டும் துண்டிக்கும் சுவிட்சான 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கோ அது முந்நூறு மடங்குக்கும் மேல், கண நேரத்தில் துண்டித்துவிடும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்தால்தான் காவல்.

கோத்தகிரித் தோட்டக்காரர்:
எர்த் மட்டும் இருந்தால் எம்.சி.பி. அசையாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியானால் உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி.; அது என் வீட்டில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தியும் பார்க்கிறேன். ஆகவே இரண்டு கம்பி போதும். மேலும், என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். முன்பு கீசர் திரியிலும் இதே போல் பேசி, கேள்வி கேட்டவரை விரட்டி விட்டீர்கள்.

பூம்பாறை விவசாயி:
பழனி மலையிலிருந்து ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். நீங்கள் இருவரும் மூன்றாவது கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் இரண்டு கம்பிகளின் தடிமனை மறந்துவிட்டீர்கள். வீட்டிலிருந்து கொட்டகை 40 மீட்டர் என்றால், 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய பதினான்கரை வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் ஆறு வோல்ட்டுக்குள் அடங்கும். நீள வயரைச் சுருளிலேயே விட்டு ஹீட்டர் ஓட்டுபவர்கள் உண்டு. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் காப்பு உருகிவிடும், முழுவதையும் பிரித்துப் போட வேண்டும். காட்டெருமை நடமாடும் இடத்தில் வயரைத் தரையில் போடவும் கூடாது. கம்பி இரண்டா மூன்றா என்பது இவற்றுக்குப் பிறகு வரும் கேள்வி.

குன்னூர் வயர்மேன்:
பிறகு வரும் கேள்வி அல்ல ஐயா, அதுதான் முதல் கேள்வி. வோல்ட் குறைந்தால் மோட்டார் திணறும். எர்த் இல்லாவிட்டால் ஆள் போய்விடுவார். காட்டெருமையைப் பற்றி நீங்கள் சொன்னதும் என் பக்கம்தான் சேர்கிறது. குளம்பு பட்டுக் காப்பு கிழிந்த வயரில் முதலில் வேலை செய்ய வேண்டியது எர்த் கம்பியும், வயரைச் சுற்றிய இரும்புக் கவசமும்தான். பல மாதங்களுக்கு வேண்டும் என்றால் கவசக் கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். காட்டுப்பன்றி கிளறினாலும் அவ்வளவு ஆழத்துக்கு எளிதில் போகாது.

லவ்டேல் வாசி:
கொட்டகை என்று சொல்லிவிட்டு விருந்தினரைத் தங்க வைக்கிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. வீட்டு இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு பாயும். கட்டுமான வேலை என்றால் தற்காலிக இணைப்புக்குத் தனிக் கட்டண வகையே இருக்கிறது. முறையாக விண்ணப்பித்துப் பணம் கட்டும் எங்களைப் போன்றவர்கள் முட்டாள்களா?

கோத்தகிரித் தோட்டக்காரர்:
என் கொட்டகையில் மண்வெட்டியும் உரமூட்டையும்தான் தங்குகின்றன. என் வீட்டு வளாகத்துக்குள், என் மீட்டர் வழியாக, என் தோட்ட வேலைக்கு விளக்குப் போடுவதை வணிகம் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தோடு உள்ள கோபத்தை என் மீது காட்ட வேண்டாம். விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தது நீங்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.

லவ்டேல் வாசி:
கோபம் இருக்கத்தான் செய்யும். நேர்மையாக நடப்பவருக்கே அலைச்சல் என்றால் வேறென்ன செய்வது?

குன்னூர் வயர்மேன்:
கட்டணத்தைத் தனித் திரியில் பேசுங்கள். தோட்டக்காரர் அவர்களே, தம்பி என்றது உங்களைப் புண்படுத்தியிருந்தால் இனி அப்படி அழைக்க மாட்டேன். ஆனால் கருத்தை விட மாட்டேன். 30 மில்லி ஆம்பியர் கசிவில் ஆர்.சி.சி.பி. எடுத்துக்கொள்ளும் நேரம் 0.3 விநாடி வரை இருக்கலாம். அது மின்னோட்டத்தின் அளவைக் குறைப்பதில்லை, நேரத்தைத்தான் குறைக்கிறது. அந்த நேரத்துக்குள் ஏணி மேல் நிற்பவர் அதிர்ந்து விழுந்தால் எந்தக் கருவியும் தாங்கிப் பிடிக்காது. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் ட்ரிப்பே ஆகாமலும் போகலாம். உரிமம் பெற்ற எந்த வயர்மேனையும் கேளுங்கள், கொட்டகைக்கு இரண்டு கம்பியில் சாக்கெட் வைத்துத் தர ஒப்புவாரா என்று.

கோத்தகிரித் தோட்டக்காரர்:
ஃபேஸும் நியூட்ரலும் பட்டால் உங்கள் மூன்றாவது கம்பியும்தான் ஒன்றும் செய்யாது. அதை ஏன் எழுதவில்லை? உரிமத்தைக் காட்டி வாயடைக்க முயல்வது வாதம் ஆகாது. என் டிரில்லுக்கு இரண்டு முனை, என் விளக்குக்கு இரண்டு கம்பி, என் வீட்டில் ஆர்.சி.சி.பி.

பூம்பாறை விவசாயி:
உங்கள் இரண்டு கம்பிகளின் தடிமன் என்ன என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

குன்னூர் வயர்மேன்:
தடிமனைப் பிறகு கேட்கலாம் ஐயா. தோட்டக்காரர் முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதட்டும். அந்தச் சாக்கெட்டில் உங்கள் வேலையாள், நீங்கள் இல்லாத நேரத்தில், இரும்பு உடல் கொண்ட ஹீட்டரைச் சொருகினால் கசிவு எந்த வழியாகத் தரைக்குப் போகும்?